காற்றாலைக் குட்டையின் கரைமண்

மாடிசேபோவின் வலது கண்ணில் நடுப்பகுதி கிடையாது. ஓரமெல்லாம் தெரியும், எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் தெரியாது. எதிரே நிற்கும் ஆளின் தொப்பி தெரியும், காது தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியால் தேய்த்து அழித்தாற்போல ஒரு சாம்பல் திட்டு. இடது கண் நன்றாக இருந்தது. அதனால் ஊசியில் நூல் கோப்பதும் ஆட்டுக்குக் குளம்பு சீவுவதும் நின்றுபோகவில்லை.

டிசேபோ என்ற மூத்த மகளைப் பெற்றதிலிருந்து எல்லோரும் அவளை மாடிசேபோ, டிசேபோவின் அம்மா, என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்தபோது வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் சமவெளியில், ஹென்னிங்கின் செம்மறிப் பண்ணையில், இருபத்திரண்டு வருஷம் குட்டி எடுக்கும் வேலை பார்த்தவள். கால் மடங்கி வரும் குட்டியை உள்ளே கைவிட்டுத் திருப்பி எடுப்பதில் அவளுக்கு ஈடாக அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

கண் போனதும் அந்த வேலையில்தான். பெருமழை பெய்த வருஷம், குட்டைகளெல்லாம் நிரம்பி வழிந்தன. மூன்று வாரம் கழித்துச் சினை ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, மாதம் நிறையுமுன்பே செத்த குட்டியாகக் குட்டி வீச ஆரம்பித்தன. காலையில் பத்து, மாலையில் பதினைந்து. மாடிசேபோ வெறுங்கையால் செத்த குட்டிகளை இழுத்துப் போட்டாள். நான்காம் நாள் காய்ச்சல். எலும்பைப் பிடுங்கிப் போடும் வலி. மருந்தகத்தில் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கி இரண்டு வாரம் கழித்து, தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனவளுக்குக் கோப்பை தெரியவில்லை, தட்டு மட்டும் தெரிந்தது. அதன் பிறகுதான் யாரோ ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொசு ஆட்டைக் கடிக்கிறது, ஆட்டின் ரத்தத்திலிருந்து மனிதனுக்கு வருகிறது, பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சலோடு போய்விடும், சிலருக்குக் கண்ணில் தங்கும் என்று சொன்னார்கள். அவள் அந்தச் சிலரில் ஒருத்தி. அழுதால் திட்டு கரையப் போவதில்லை என்பதால் வேலைக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் சரியான மழை இல்லை. குட்டைகள் வெடித்து ஓடு ஓடாகக் கிடந்தன. அந்த இடைவெளியில் அவள் கணவன் சுரங்கத் தூசியால் நெஞ்சு கெட்டுப் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப்போன மூன்று ஆடுகளை அவள் பதினொன்றாக்கினாள். குடியிருந்த வீடு ஹென்னிங்குடையது. வீட்டைச் சுற்றிய மண்ணும், தண்ணீர்க் குழாயும், அடுப்புக்கு வெட்டும் கட்டையும்கூட ஹென்னிங்குடையவை. வேலை போனால் எல்லாம் போகும். ஆடுகள் மட்டும் அவளுடையவை. அந்த வருஷம் பதினொன்றும் சினையாக இருந்தன.

நவம்பர் மாதம், கால்நடைத் துறையிலிருந்து மொலேஃபி வந்தான். ஐம்பது வயது, பெரிய வயிறு, சிறிய வண்டி. வண்டியிலிருந்து அவன் இறங்கினால் வண்டி நான்கு விரல் உயரும். மண்வெட்டியும் மூடிபோட்ட வாளிகளுமாக, பண்ணையில் வறண்டு கிடந்த காற்றாலைக் குட்டையில் இறங்கி, நட்டநடுவில் நின்று மண் வெட்டினான். வேலிக்கம்பி முறுக்கிக்கொண்டிருந்த மாடிசேபோ கைவேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

"என்ன மொலேஃபி ஐயா, புதையலா?"

"ஆமாக்கா. கெடைச்சா ஒனக்குப் பாதி."

"என் பாதி எனக்கு எப்பவோ வந்துருச்சு." வலது கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

மொலேஃபிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். "அதே புதையல்தான் தேடுறேன். கடலோரத்துல இருக்கற கொசு மரப்பொந்துலயும் பழைய டயர்லயும் முட்டை போடும். ஆத்தோரத்துக் கொசு நாணல்ல கெடந்துக்கிட்டுப் பறவையக் கடிக்கும். அதுகளுக்கு வேற வேற காய்ச்சல். நம்ம ஊருக் கொசு இருக்கே, அது மண்ணுல போடும். ஈரம் காயற நேரமாப் பாத்துப் போட்டுட்டு செத்துப்போகும். முட்டை காஞ்சு கெடக்கும். அஞ்சு வருஷம், ஆறு வருஷம், அதுக்கு அவசரமே கெடையாது. தண்ணி ஏறுனா பொரிச்சுரும். சிலதுல நோயும் முட்டைக்குள்ளயே இருக்கும்."

"ஆறு வருஷம் சோறு தண்ணி இல்லாமயா?"

"ஆமா."

"உங்க துறையில சம்பளத்துக்குக் காத்திருக்கறவங்க மாதிரின்னு சொல்லுங்க."

மண்ணை நகரத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்த் தட்டில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, எது பொரிக்கிறது என்று பார்ப்பார்கள். எந்தக் குட்டை கெட்டது, எது நல்லது என்று மழைக்கு முன்பே தெரிந்துவிடும். பண்ணையில் இரண்டு குட்டைகள். காற்றாலைக் குட்டை ஒன்று, தெற்கே நீளக் குட்டை ஒன்று. இரண்டிலிருந்தும் வாளி வாளியாக எடுத்துக்கொண்டு போனான்.

டிசம்பர் முதல் வாரம் முடிவு வந்தது. நீளக் குட்டை மண்ணில் கொசுப்புழு. காற்றாலைக் குட்டையில் ஒன்றுமில்லை. ஹென்னிங் மறுநாள் காலை வேலையாட்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: மழை தொடங்கியதும் சினை ஆடுகள் எல்லாம் காற்றாலைக் குட்டையைச் சுற்றிய வேலி அடைப்புக்கு. வேலையாட்களின் ஆடுகளும் அங்கேதான், வேறு எங்கும் புல் கிடையாது. நல்ல மனிதர், முன்கோபி. ஆறு வருஷ வறட்சியில் மந்தையில் பாதியை விற்றவர். நல்ல சேதி வந்தபோது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாடிசேபோவுக்கும் மனசு ஆறியது. நல்ல குட்டை பக்கத்துக் குட்டையாகவே அமைந்ததில் நடை மிச்சம்.

கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டுச் சுவர் பூசுவது அங்கே பெண்கள் வேலை. சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசி, ஈரம் காயுமுன் முள்கரண்டியால் கோடு கீறி வயல் உழுததுபோல் வரிவரியாகக் கோலம் இழுப்பார்கள். சுவரைப் பார்த்தே வீட்டுக்காரியை எடை போடுவார்கள். மாடிசேபோவும் அவள் நாத்தனார் கெடிபோனேயும் எப்போதும்போலத் தள்ளுவண்டியோடு காற்றாலைக் குட்டைக்குப் போனார்கள். மேல்கரையில், அறுகம்புல் வேர் பின்னிய இடத்தில் வெட்டினால்தான் மண் வெடிக்காமல் நிற்கும். நடுக்குட்டை மண் உப்பு. பூசினால் இரண்டே மாதத்தில் பொரிந்து விழும்.

மண்ணைப் பாதி எண்ணெய்ப் பீப்பாயில் போட்டு, தண்ணீர் நிறைய ஊற்றி, சன்னலுக்குக் கீழே ஊற வைத்தார்கள். இரண்டு நாளில் முடிகிற காரியம். ஆனால் கெடிபோனேக்குப் பல்வலி வந்ததால் ஐந்து நாள் கிடந்தது.

ஐந்தாம் நாள் கெடிபோனே கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து பீப்பாயை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, உன் பூச்சு மண்ணு நெளியுது."

"பல்லுக்கு என்ன மாத்திரை போட்ட? கண்ணு சுழலுதா?"

"ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டு என் கண்ணைச் சொல்றியா? வந்து பாரு."

மேலே நின்ற தண்ணீரில் ஒரு நகக்கண் இடம் சும்மா இல்லை. தலை கீழாகத் தொங்கும் புழுக்கள், விரல் நிழல் பட்டதும் சுண்டிச் சுண்டி அடிக்கு ஓடின.

"கொட்டிரட்டுமா?" என்றாள் கெடிபோனே, பீப்பாய் விளிம்பைப் பிடித்தபடி.

"கையை எடுடி."

மாடிசேபோ சுற்றிலும் பார்த்தாள். பீப்பாயிலிருந்து எட்டடி தள்ளி அவளுடைய ஆட்டுப் பட்டி. தலைக்கு மேலே படுக்கையறைச் சன்னல். வருஷா வருஷம் இந்த மண்ணைத்தான் வெட்டிக்கொண்டு வந்தாள், இதே இடத்தில்தான் ஊறப்போட்டாள். பூச்சு வேலை தள்ளிப்போனபோதெல்லாம், மழைக்கு முன்பே, குட்டை நிரம்பாத வருஷத்தில்கூட, தன் கையால் தண்ணீர் ஊற்றிப் பொரிக்க வைத்துப் பட்டிக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறாள். அவள் மட்டுமல்ல, சுவர் பூசுகிற எல்லாப் பெண்களும்.

அன்று மாலையே பீப்பாயைத் தரையில் மெல்லச் சாய்த்துத் தண்ணீரை மணலில் காயவிட்டாள். சாய்க்குமுன் ஒரு புட்டியில் மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டாள். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டதும் மொலேஃபி வந்து புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, அஞ்சு நாள் தொறந்து கெடந்த பீப்பா. வீட்டுக் கொசு எதுவும் வந்து போட்டுட்டுப் போயிருக்கலாம். இதை எடுத்துட்டுப் போனா என் மேலதிகாரி என்னையே தண்ணில ஊறப்போடுவாரு."

"அப்ப தொறக்காம ஊறப்போட்டா?"

"அப்ப பேச்சே வேற."

நோயாளிக்குக் கொதிக்க வைத்த தண்ணீரை மூடி வைப்பது கணவன் படுத்திருந்தபோது அவள் தினமும் செய்த வேலை. இரண்டு பிளாஸ்டிக் வாளிகளைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினாள். ஒன்றில் மேல்கரைப் புல்வேர் மண், இன்னொன்றில் மொலேஃபி வெட்டிய நடுக்குட்டை மண். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றிய கையோடு, கெடிபோனேயின் நைலான் காலுறையை வாய்க்குப் போட்டு ரப்பர் வளையத்தால் இறுக்கினாள்.

"தேவாலயத்துக்குப் போடற காலுறை அது!"

"சாமி ஒன் காலையா பாக்குது?"

அடுத்த நாள் மதியம் காலுறை வழியாகப் பார்த்தபோது நடுக்குட்டை வாளி செத்த தண்ணீராக நின்றது. கரைமண் வாளியில் தூசியளவு புழுக்கள், நூற்றுக்கு மேல். மாடிசேபோ ரப்பரைத் தொடாமல், இரண்டு வாளியையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஹென்னிங்கின் கொட்டகைக்குப் போனாள்.

ஹென்னிங் இழுவை வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து, கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, வாளியைப் பார்த்தார்.

"இது என்ன, காலுறையா?"

"கெடிபோனேயோடதுங்கய்யா. தொவைச்சது."

"ஆய்வுக்கூடத்துல ஒண்ணுமில்லேன்னு காகிதம் வந்துருக்கு. முத்திரை போட்ட காகிதம்."

"அவங்க பாத்தது நடுமண்ணு. நடுமண்ணுல எனக்கும் ஒண்ணுமில்ல. அந்தா, அந்த வாளி. கரையில, புல்லு வேருல இருக்கு. ஈரம் கடைசியாக் காயற எடம் அதுதானே. அங்கதான் ஆடும் நின்னு மேயும்."

ஹென்னிங் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, கொசு இருக்கு. கொசு இல்லாத ஊரு எது? நோய் இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ஊசி போடலாம்னா, உயிர்க்கிருமி ஊசி சினை ஆட்டுக்கு ஆகாது. இன்னொண்ணு, செத்த கிருமி ஊசி, ரெண்டு தடவை போடணும், எங்கயும் ஸ்டாக் இல்ல. விசாரிச்சாச்சு. கொசு நிக்காத எடம்னு பாறை மேட்டுல கொண்டுபோய் விடச் சொல்றியா? அங்க கல்லத் தின்னுமா நானூறு ஆடு? கொசு கொல்றதுக்கு முன்னாடி பட்டினி கொன்னுரும்."

அதில் தவறில்லை. மாடிசேபோ தலையை ஆட்டினாள். "உங்க நானூறு உங்க இஷ்டம். என் பதினொண்ணை மேட்டுல விட்டுக்க உத்தரவு கொடுங்க."

"தீனி?"

"நான் சுமக்கறேன்."

"நரி அடிச்சா என்கிட்ட வரக்கூடாது."

"வரலீங்க."

"போ. பைத்தியம்." பிறகு, அவள் வண்டியைத் திருப்பும்போது, "பழைய தகரத் தொட்டி ஒண்ணு கெடக்கு. தண்ணிக்கு எடுத்துக்க," என்றார்.

மொலேஃபி கரைமண்ணை மூடிய வாளியில் நகரத்துக்கு அனுப்பினான். விடுமுறைக் காலம். ஜனவரி பாதிவரை பதில் இல்லை. அதற்குள் மழை வந்துவிட்டது, ஆறு வருஷத்தையும் சேர்த்து. மூன்று நாளில் காற்றாலைக் குட்டையின் தண்ணீர் மேல்கரைப் புல்லைத் தொட்டது. ஹென்னிங்கின் நானூறு ஆடுகள் பச்சையைப் பார்த்த சந்தோஷத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று மேய்ந்தன. கெடிபோனேயின் நான்கு ஆடுகளும் அவற்றோடு.

"அண்ணி, என் ஆடு விருந்துல நிக்குது. உன் ஆடு தவத்துல நிக்குது."

"நாலையும் மேட்டுக்கு ஏத்துடி. தீனி நானே போடறேன்."

"நீ உன் முதுகைப் பாரு. கூன் விழுது."

முதுகு உண்மையில் போய்க்கொண்டிருந்தது. தினமும் விடிந்ததும் ஒரு கட்டு குதிரைமசால் தீவனம், பொழுது சாய்வதற்குள் இன்னொரு கட்டு. இடையில் ஹென்னிங் வீட்டு வேலை. மேட்டுக்கு ஏற முக்கால் மணி நேரம். பாறையில் காற்று ஓயவே ஓயாது; கொசு நிற்காது என்பதற்காகத்தான் அந்த இடம், ஆனால் அதே காற்று ஆட்டின் உடம்பையும் தேய்த்தது. இரண்டாம் வாரம் ஆடுகளின் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. மூன்றாம் வாரம் ஓர் ஆடு குட்டி வீசியது.

அவள் கையுறை போட்டுக்கொண்டு குட்டியைப் புரட்டிப் பார்த்தாள். கையுறை மருந்தகத்தில் கேட்டு வாங்கியது, ஒரு பெட்டி. மொலேஃபி வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றான். இங்கேயும் நோய் என்றால் சுமந்ததெல்லாம் வீண். பட்டினி என்றால் அவள்தான் கொன்றாள். இரண்டில் எது தேவலை என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

நான்காம் நாள் தொலைபேசி அடித்தது. "அக்கா, சுத்தம். நோய் இல்ல. தீனி பத்தல, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அந்தக் குட்டிகிட்டச் சொல்லுங்க." வைத்துவிட்டு, அன்றிலிருந்து ஒரு வேளைக்கு இரண்டு நடை நடந்தாள்.

அதே வாரத்தில் காற்றாலைக் குட்டை அடைப்பில் முதல் நாள் ஆறு ஆடுகள் குட்டி வீசின, மறுநாள் பத்தொன்பது. அதே நாளில் ஆய்வுக்கூடத்துக் காகிதமும் வந்தது: கரைமண்ணில் பொரித்த கொசுக்களில் நோய் இருந்தது. ஹென்னிங் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மீதி ஆடுகளை மேட்டுக்கு ஓட்டச் சொன்னார். பிறகு அவரே அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"மாடிசேபோ, அடைப்புக்குக் கை வேணும்."

"கை இருக்குங்கய்யா. கையுறை பன்னெண்டு பேருக்கு வேணும். வாய்த்துணி, ரப்பர் மேலாடை. அது வந்ததும் வரேன். அது வரைக்கும் ஒருத்தரும் எதையும் தொடக்கூடாது. செத்த ஆட்டை வேலையாளுக்குக் கறிக்குக் கொடுக்கற பழக்கம் இந்தத் தடவை வேணாம். குழி தோண்டிப் புதைக்கணும்."

"கறி வேணாம்னு நான் சொன்னா கலகம் வரும்."

"நீங்க சொன்னா வரும். நான் சொல்லிக்கறேன்."

அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. வேலையாட்களை வரிசையாக நிற்க வைத்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் ஒவ்வொருவரையும் பார்த்து, "உன் மூஞ்சி தெரியல. உன் மூஞ்சியும் தெரியல," என்று சொல்லிக்கொண்டே போனாள். கறி கேட்டு ஒருவரும் வரவில்லை. கெடிபோனே மட்டும், மூன்று ஆடு குட்டி வீசி ஒன்று செத்தும் போனதால், குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாடிசேபோவையும் கொசுவையும் சாமியையும் வரிசை தவறாமல் திட்டினாள். திட்டி முடித்ததும் கையுறை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். நூற்றுப் பதினேழு குட்டிகளைப் புதைத்தார்கள். காய்ச்சல் ஒருவருக்கும் வரவில்லை.

மற்ற பண்ணைப் பெண்களிடமும் அவள் போனாள். சுவர் பூசாதே என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல முடியாது. சொன்னால் வாசலோடு அனுப்புவார்கள். மண்ணை வெட்டு, ஊறப்போடு, புழு கொசுவாகுமுன் இரண்டாம் நாளே குழைத்துப் பூசிவிடு, அதுவரை பீப்பாயை மூடி வை, என்றாள். சிலர் கேட்டார்கள். ஒருத்தி, தன் பீப்பாய்க்கு மூடி கிடையாது, மாடிசேபோ வேண்டுமானால் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளலாம் என்றாள்.

ஏப்ரலில் மேட்டில் குட்டி விழும் காலம். பத்துக் குட்டியில் ஒன்றைப் பனி கொன்றது. எட்டு தாங்களாகவே பிறந்து, அரைமணியில் எழுந்து, காற்றில் தள்ளாடிக்கொண்டு பால் தேடின. கடைசி ஆடு மூத்தது. விடிந்ததிலிருந்து முக்கி, மதியம் வரை ஒன்றுமில்லை. குட்டி ஒரு கால் மடங்கி வந்துகொண்டிருந்தது.

மாடிசேபோ மண்டியிட்டாள். கையுறையோடு உள்ளே விட்டதில் விரல்களுக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லாம் வழுக்கியது. கெடிபோனே ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கையுறையக் கழட்டிப் போடு அண்ணி. வெறுங்கையா இருந்தா இந்நேரம் எடுத்துருப்ப."

"தலையப் புடி."

"ஆடு செத்துரும்."

"செத்தா சாகட்டும். புடின்னேன்."

கண்ணை மூடிக்கொண்டாள், இரண்டு கண்ணும் அந்த வேலைக்கு உபயோகமில்லை. முழங்கால் எது, குளம்பு எது என்று ரப்பருக்கு வெளியே நின்று விசாரிப்பதுபோல் மெல்லத் தடவிக்கொண்டே போனாள். குளம்பு கிடைத்தது. உள்ளங்கையால் மூடி, முன்னால் கொண்டுவந்து, அடுத்த முக்கலோடு சேர்த்து இழுத்தாள். குட்டி வழுக்கிக்கொண்டு அவள் மடியில் விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்ததும் தும்மியது.

"பொட்டை," என்றாள் கெடிபோனே. "பெருசு. இதை எனக்குக் கொடுத்துரு. என் நாலுக்குப் பதிலா."

"பால் மறக்கட்டும், பேசுவோம்."

"பேசுவோம்னா இல்லைன்னு அர்த்தம்."

"பேசுவோம்னா பேசுவோம். இப்ப அந்தத் தண்ணியை எடு."